நீரே எழுதிக்கொண்டு வாரும்

1

இந்தக் கதை ஒரு பைலிலிருந்து வந்தது. கற்பனையிலிருந்து வந்தது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் என் திணைக்கள அறையில், இரும்பு மேசையின் மூன்றாவது லாச்சியில், ஒரு நீல பைல் இருக்கிறது. பதினேழு வருடங்களாக நான் மாணவர்களுக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதங்களின் போட்டோகொப்பிகள் அதற்குள் கிடக்கின்றன. போன திங்கட்கிழமை அதிலிருந்து ஒன்றை வெளியே எடுத்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எழுதாமல் இருக்கவும் நிறையப் பாடுபட்டேன், அதையும் எழுதுவேன்.

முதலில் என்னைப் பற்றி. கொழும்பில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் விரிவுரையாளர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். வயது ஐம்பத்து மூன்று. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வீடு. கீழே தண்டவாளத்தில் கோச்சி போகும்போது கோப்பை தட்டெல்லாம் ஆடும். சிறுகதைகள் எழுதுகிறவன். ஒரு தொகுப்பு வந்திருக்கிறது, சிநேகிதர்கள் வாங்கினார்கள். மாணவர்கள் முகத்துக்கு முன்னால் "சேர்" என்பார்கள், முதுகுக்குப் பின்னால் "புள்ளி சேர்" என்பார்கள். எதை வாசித்தாலும் ஒவ்வொரு பந்தி முடியும்போதும் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது என் பழக்கம். பரீட்சைத் தாள், கலியாணக் காட், தண்ணீர் பில், எதுவும் தப்பாது. சிபாரிசுக் கடிதத்தில்கூட வைத்துவிடுவேன். பிள்ளைகள் என்னிடம் வரும்போது அழிறப்பரும் கொண்டுதான் வருவார்கள்.

[புள்ளியைப் பற்றி இவ்வளவு தேவையா? வெட்டலாம். இப்போதைக்கு இருக்கட்டும்.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் இங்கே வைக்கிறேன்.

"கொட்டாஞ்சேனையில் மழை பெய்துகொண்டிருந்தது. துஷ்யந்தி குடையில்லாமல் —"

மழை பெய்யவில்லை. கதை எழுதுகிறவன் வழி தெரியாதபோது மழையைக் கூப்பிடுவான். வேண்டாம்.

"துஷ்யந்தி துணிச்சலான பெண். அவள் —"

அவள் துணிச்சலானவளா என்று எனக்குத் தெரியாது. மூன்று வருடம் என் வகுப்பில் இருந்தாள். யன்னலோரம், இரண்டாவது வரிசை. கேள்வி கேட்கமாட்டாள், கேட்டால் பதில் சொல்வாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சமெல்லாம் அவளே எழுதித் தந்தது.*

"இது நமது கல்வி முறையின் சீரழிவைப் பற்றிய கதை."

இது மூன்றாவது தொடக்கம். இதை எழுதியபோது மனதுக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. முறை, அமைப்பு, சூழல் என்று எழுதத் தொடங்கினால் அதற்குப் பின்னால் ஓர் ஆள் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளலாம். அந்த ஆள் நான்தான். அதையும் வெட்டினேன்.

* துஷ்யந்தி என்பது அவளுடைய பெயர் அல்ல. ஏன் மாற்றினேன் என்பது பின்னால் வரும்.

3

இந்தப் பழக்கம் தெரியாத வாசகருக்காக இந்தப் பகுதி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் பிள்ளைகளின் போன்களில் இப்போது பாட்டைவிட அதிகமாக வருவது அறிவித்தல்கள். இளம் தலைவர்களுக்கான பெலோஷிப். முழுச் செலவும் ஏற்கப்படும். ஒரு வருடம் வெளிநாட்டில். கடைசித் திகதி நாளை. வாட்ஸப் குரூப்பில் ஒருத்தர் போட, ஒரு மணித்தியாலத்துக்குள் கொழும்பில் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருடைய கையிலும் இருக்கும். நாடு கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தான பிறகு இது இன்னும் கூடிவிட்டது. பாஸ்போட் கந்தோர் வரிசையில் நிற்க வசதியில்லாதவர்கள் இந்த வரிசையில் நிற்கிறார்கள். நிற்பதைப் பிழை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் வழி பிறக்கும் என்று தாய் தகப்பன் காத்திருக்கிறார்கள்.

விண்ணப்பத்துக்கு எப்போதும் இரண்டு சாமான் வேண்டும். ஒன்று, ஆறு மாத வேலைப் பயிற்சி ஒன்றை முடித்ததற்கோ செய்துகொண்டிருப்பதற்கோ ஒரு சான்றிதழ். சம்பளமில்லாத பயிற்சி, பஸ் காசு தந்தால் பெரிய மனசு. இரண்டு, விண்ணப்பதாரரை "நெருக்கமாக அறிந்த" ஒருவரின் சிபாரிசுக் கடிதம்.

நூற்றி நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நான் யாரை நெருக்கமாக அறிவேன்? அதற்குத்தான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பிள்ளை வந்து வாசலில் நின்று இழுக்கும்: "சேர், ஒரு லெட்டர்..." நான் தலையை நிமிர்த்தாமல் சொல்வேன்: "நீரே எழுதிக்கொண்டு வாரும், சைன் பண்ணித் தாறன்." என் ஆசிரியரும் என்னிடம் இதையேதான் சொன்னார். அவருடைய ஆசிரியரும் சொல்லியிருப்பார்.

பிள்ளை வீட்டுக்குப் போய், ஒரு மூலையில் இருந்து, என் குரலில் தன்னைப் பற்றி எழுதும். "என் அனுபவத்தில் நான் கண்ட மிகச் சிறந்த மாணவி இவர்." அடக்கமாக இரு, வாய் காட்டாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளை இதை எழுத வேண்டும். எழுதி, வெட்கப்பட்டு, "மிகச் சிறந்த" என்பதை "நல்ல" என்று மாற்றிக்கொண்டு வரும். ஒரு பையன் "சுமாரான மாணவர், ஆனால் பழுதில்லை" என்று எழுதிக்கொண்டு வந்தான். அதற்கும் சைன் வைத்தேன். அவனுக்குக் கிடைத்தது, இப்போது நோர்வேயில் இருக்கிறான்.

இன்னொருவரின் குரலில் பேசுவதுதான் கதை எழுதுகிறவனின் தொழில். அந்தத் தொழிலை என் மாணவர்கள் என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்று மேடைகளில் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

4

போன வருடம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. கடைசித் திகதி அடுத்த நாள். துஷ்யந்தி வாசலில் நின்றாள்.

"எழுதிக்கொண்டு வந்தீரோ?"

"ஓம் சேர். ஒருக்கா வாசிச்சிட்டு சைன் பண்ணுங்கோ."

எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற வசனம்தான். எனக்குப் பத்து நிமிடத்தில் ஒரு கூட்டம். தாளை வாங்கினேன், அடியில் கையெழுத்து வைத்தேன், முத்திரை குத்தினேன். எல்லாரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னேன்.

"நல்லா எழுதியிருக்கிறீர்."

அவள் போகவில்லை.

"வேற ஒண்டும் இல்லையா சேர்?"

"வேற என்ன? ஒபிசில ஒரு கொப்பி எடுத்துக் குடுத்திட்டுப் போம்."

போனாள். இறுதிப் பரீட்சைக்கு அவள் வரவில்லை. பெலோஷிப் கிடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன். ஓகஸ்டில் வரவு போதாது என்று அவளுடைய பெயருக்கு நேரே கோடு போட்டதும் நான்தான். அதற்குப் பிறகு அவளை நினைக்கவில்லை.

இதுதான் நடந்தது. வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். அது பிழை. ஒப்புக்கொள்கிறேன்.

[இந்தக் கடைசிப் பந்தி நேர்மையாக ஒலிக்கிறது. மாற்ற வேண்டாம்.]

5

போன திங்கட்கிழமை ஷிம்னா வந்தாள். கிராண்ட்பாஸ் பிள்ளை, இறுதி வருடம், கெட்டிக்காரி. அதே பெலோஷிப் திரும்ப வந்திருக்கிறது. அவளுக்கும் கடிதம் வேண்டும். வழக்கமான பதிலைச் சொன்னேன்.

"எழுதத் தெரியாது சேர். மாதிரிக்கு ஒண்டு ஈந்தா தாங்களே."

லாச்சியைத் திறந்து பைலைப் புரட்டினேன். துஷ்யந்தியின் கடிதம் கையில் பட்டது. நன்றாக எழுதியிருந்தாள் என்று ஞாபகம். கொடுப்பதற்கு முன் ஒரு தரம் பார்ப்போம் என்று பார்த்தேன். பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை வாரும், தேடி வைக்கிறன்" என்று ஷிம்னாவை அனுப்பினேன்.

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் தருகிறேன். மொழிபெயர்த்தால் கொஞ்சம் அழகாகிவிடும் என்று பயந்து, முடிந்தவரை சப்பையாகவே மொழிபெயர்த்திருக்கிறேன்.

"துஷ்யந்தியை நான் மூன்று வருடங்களாக அறிவேன். வகுப்புக்கு ஒழுங்காக வருபவர். குறித்த நேரத்தில் வேலைகளை ஒப்படைப்பவர்.

"என் சிபாரிசின்பேரில் இவர் வெள்ளவத்தையிலுள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தார். வேலையை விரும்பிச் செய்தார்.

"மூன்றாவது வாரத்திலிருந்து இவரைச் சனிக்கிழமைகளிலும் வரும்படி பொறுப்பாளர் சொன்னார். சனிக்கிழமைகளில் அங்கே வேறு எவரும் இருப்பதில்லை. அங்கே நடப்பதை இவர் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் படிப்பை நிற்பாட்டிவிடுவார்கள். பொறுப்பாளர் என்னுடைய நெடுநாள் நண்பர் என்பதால் என்னிடமும் நேரே சொல்ல இவரால் முடியவில்லை. இப்போது இதை நான் அறிவேன். அறிந்த பிறகு நான் இவரைக் கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொல்லிக் கேட்பேன் என்று இவர் நம்புகிறார்.

"எவ்விதத் தயக்கமுமின்றி இவரைச் சிபாரிசு செய்கிறேன்."

கீழே என் கையெழுத்து. முத்திரை. திகதி.

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தில் சந்தேகம் வருகிறது. அந்தப் பொறுப்பாளர், பூபாலசிங்கம்.

முதல் வரைவில் அவனை இப்படி அறிமுகப்படுத்தினேன்: "அவனுடைய கண்களில் ஒரு —" அவனுடைய கண்களில் ஒன்றும் இல்லை. சீனி வருத்தம் உள்ளவன், தடித்த கண்ணாடி போடுகிறவன். இருபத்தைந்து வருடச் சிநேகிதம். என் தொகுப்பை அச்சிட்டுத் தந்தவன். என் மனைவி ரஜனிக்கு ஒப்பரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து மூன்று நாள் என்னோடு இருந்தவன். வீட்டுக்கு வந்தால் ரஜனியின் இடியப்பத்தைப் புகழாமல் போகமாட்டான். வில்லன் வேண்டுமென்றாலும் இவனிடமிருந்து ஒரு வில்லனைச் செய்ய முடியாது. அதுதான் என் கஷ்டம்.

அவனுடைய நிறுவனம் காலி வீதியில், ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில். என் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. ஒன்பது வருடங்களாக நான் அவனிடம் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பிவருகிறேன். "நல்ல பிள்ளையா ஒண்டு அனுப்படாப்பா" என்பான். அனுப்புவேன். ஷிம்னாவையும் நான்தான் அனுப்பினேன். திங்கட்கிழமை பைலை முழுதாகப் புரட்டி, அனுப்பியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன். இருபத்திரண்டு பேர். எல்லாரும் பெண் பிள்ளைகள். அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

என் நிலைமையையும் வாசகர் விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கொப்பியை நான் யாரிடமாவது கொடுத்தால் அது முதலில் என்னைத்தான் காட்டிக்கொடுக்கும். "இப்போது இதை நான் அறிவேன்" என்று அதில் இருக்கிறது, கீழே நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஒன்பது மாதங்களாக அறிந்துகொண்டு சும்மா இருந்தவன் ஆவேன். வாசிக்காமல் வைத்தேன் என்று சொன்னால் பதினேழு வருடக் கடிதங்களும் கேள்விக்குள்ளாகும். நோர்வேயில் இருப்பவன் உட்பட.

வேலை போகும் என்பதை இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்கிறேன்.

7

புதன்கிழமை துஷ்யந்தியைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பதிவேட்டில் இருந்த விலாசத்தில் அவளுடைய அம்மா கதவைப் பாதி திறந்து, ஜம்பட்டா வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடையைச் சொன்னார். நான் யார் என்று கேட்கவில்லை.

சின்னக் கடை. இரண்டு கொம்பியூட்டர், ஒரு போட்டோகொப்பி மெசின், தொங்கவிட்ட ரீலோட் காட்டுகள். துஷ்யந்தி மெசினுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு சிங்களப் பையனுக்கு ஏதோ விண்ணப்பம் ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் "மல்லி, பொட்டக் இன்ன" என்று அவனை நிற்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

"சேர் என்ன இந்தப் பக்கம்?"

கொப்பியை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

"இது இன்னும் இருக்கா? மற்றத நான் கிழிச்சுப் போட்டன்."

"ஒபிஸ் கொப்பி. திங்கக்கிழமைதான் வாசிச்சனான், பிள்ளை."

அவள் காத்திருந்த பையனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"அண்டைக்கு எண்ட பேக்கில இன்னொரு லெட்டரும் இருந்தது சேர். இதேதான், மூண்டாவது பந்தி மட்டும் வேற. நீங்க வாசிச்சிட்டு, இது என்ன பிள்ளை எண்டு கேப்பீங்க, நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டு மற்ற லெட்டரில சைன் வாங்குவம் எண்டு நினைச்சு வந்தனான். நீங்க நல்லா எழுதியிருக்கிறீர் எண்டு சொன்னீங்க."

"கேட்டிருக்கலாமே. சேர், இதை வாசியுங்கோ எண்டு."

"சொன்னனான் சேர்."

சொன்னவள்தான். நாலாம் பகுதியில் அவளுடைய வசனத்தை நானே எழுதியிருக்கிறேன்.

"சைன் வச்ச லெட்டர அனுப்ப ஏலாது. அனுப்பக்கூடிய லெட்டரில சைன் இல்ல. திரும்ப வந்து உங்கட முகத்தைப் பாக்க ஏலாமப் போச்சு. அங்கயும் போகேல்ல, கெம்பசுக்கும் வரேல்ல. வீட்டில ஏன் எண்டு கேட்டு அடி. இந்த மாசம்தான் அம்மா என்னோட கதைக்கத் தொடங்கினவ."

"நான் வாசிக்கேல்ல, பிள்ளை. சத்தியமா வாசிக்காமத்தான் சைன் வச்சனான்."

அவள் அப்போதுதான் கொப்பியைக் கையில் வாங்கினாள். நீண்ட நேரம் பார்த்தாள். எழுத்தைப் பார்த்த மாதிரித் தெரியவில்லை, தாளின் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு அழகாக இரண்டாக மடித்துத் திருப்பித் தந்தாள்.

"சரி சேர்."

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஏசியிருக்கலாம்.

"எண்ட பேரை எங்கயும் குடுக்காதீங்க. ஒருத்தருக்கும்." என்று சொல்லிவிட்டு மெசினைத் திறந்தவள், திரும்பிக் கேட்டாள்: "இப்ப ஆர் அங்க போறது?"

"ஒரு பிள்ளை."

"எத்தினையாவது கிழமை?"

வாரங்களை எண்ணிப் பார்த்தேன். "மூண்டு."

"அப்ப இந்தச் சனிக்கிழமை" என்றாள். காத்துக்கொண்டிருந்த பையனின் விண்ணப்பத்தை எடுத்து மெசினில் வைத்தாள்.

8

வியாழக்கிழமை ஷிம்னா தன் கடிதத்துடன் வந்தாள். மாதிரிக்குக் காத்திராமல் தானே எழுதிவிட்டாள். ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். நாலு பந்தி. எல்லாம் வழக்கமானது. ஒழுங்கானவர், உற்சாகமானவர், தலைமைத்துவப் பண்பு உள்ளவர். என் நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது கூசுகிறது.

"பயிற்சி எப்படிப் போகுது?"

"நல்லம் சேர். பாஸ் சரி நல்ல மனுசன். வேல கூடயாம், இந்தக் கிழமையிலிருந்து சனிக்கிழமையும் வரட்டாம். உம்மா ஏசுறாங்க, லீவு நாளிலயும் என்ன வேல எண்டு."

கேட்டேன். கேட்காமல் இல்லை.

"வேற இடம் ஒண்டு பாப்பமா ஷிம்னா?"

"ஏன் சேர்?" அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "சேர்தானே அனுப்பினீங்க. இப்ப விட்டா செர்டிபிகேட் இல்ல. செர்டிபிகேட் இல்லாட்டி அப்ளிகேஷனே போட ஏலா. வாப்பாட தொழிலும் இல்லாம ஈக்கிது சேர், இது கெடச்சாத்தான்."

என் வாய்க்குள் ஒரு வசனம் இருந்தது. அந்த வசனத்தைத் தொடங்கினால் "உங்களுக்கு எப்படித் தெரியும் சேர்?" என்று அவள் கேட்பாள். துஷ்யந்தியின் பெயரைச் சொல்லக்கூடாது. அது நல்ல சாட்டு. பெயர் சொல்லாமலே "போகாதே பிள்ளை" என்று சொல்லியிருக்கலாம் என்பது அவள் படியிறங்கிய பிறகு —

இல்லை. அவள் முன்னால் நிற்கும்போதே தெரியும். கையெழுத்து வைத்து, "கவனமாப் போம்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு போனாள்.

9

வெள்ளிக்கிழமை பின்னேரம் ரஜனி வங்கியிலிருந்து வந்து, தேத்தண்ணீருடன் இருந்து, மேலே உள்ள எட்டுப் பகுதிகளையும் வாசித்தாள். என் கதைகளை முதலில் வாசிப்பவள் அவள்தான். "நல்லா இருக்கு" என்பாள், அல்லது "நீளம்" என்பாள். அன்றைக்குக் கடிதத்தின் கொப்பியைக் கேட்டாள். கொடுத்தேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வாசிக்காமல் சைன் வச்சனெண்டு எழுதியிருக்கிறீங்க."

"ஓம்."

"அப்ப இந்தப் புள்ளியள் ஆர் வச்சது?"

போட்டோகொப்பியில் மங்கலாகத்தான் விழுந்திருந்தன. தூசி என்று நினைக்கலாம். முதல் பந்தியின் ஓரத்தில் ஒன்று. இரண்டாம் பந்தியின் ஓரத்தில் ஒன்று. மூன்றாம் பந்தியின் ஓரத்தில் ஒன்று. நாலாம் பந்தியில் இல்லை.

ரஜனி கொப்பியை மேசையில் வைத்தாள்.

"பொலிசுக்கு எழுத வேண்டியத ஏன் கதையா எழுதிக்கொண்டு இருக்கிறீங்க? அந்தப் பிள்ளைக்கு ஒரு கோல் எடுங்கோ. இப்ப எடுங்கோ."

நான் எழும்பவில்லை. அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகவே வாசகரே, நாலாம் பகுதியில் நான் பொய் சொன்னேன். முதலாம் பகுதியில் புள்ளியை வெட்டலாமா என்று உங்களிடம் கேட்டபோதும் அது என்னவென்று எனக்குத் தெரியும். கூட்டம் எதுவும் இருக்கவில்லை. போன வருடம் ஜூன் மாதம், அவள் முன்னால் நிற்க, கடிதத்தை வாசித்தேன். மூன்றாம் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன். பழக்கதோஷத்தில் புள்ளியும் வைத்தேன். பூபாலசிங்கம் அப்படிப்பட்டவன் அல்ல என்று நினைத்தேன். பிறகு, அப்படிப்பட்டவனாக இருந்தால் நான் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவனோடு கதைக்க வேண்டும், ரஜனியிடம் சொல்ல வேண்டும், டீனிடம் போக வேண்டும். மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள். இதெல்லாம் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நாலாம் பந்தியை வாசிக்காமலே கையெழுத்து வைத்து, "நல்லா எழுதியிருக்கிறீர்" என்றேன்.

வெளியே போய் அந்தப் புள்ளிகளை அவள் பார்த்திருப்பாள். பிள்ளைகள் எல்லாரும் அழிறப்பரோடுதானே வருவார்கள். புதன்கிழமை அவளுடைய கடையில் நின்று, சத்தியமாக வாசிக்கவில்லை என்று நான் சொன்னபோது, அவள் ஓரத்தைப் பார்த்தாள். மூன்றையும் எண்ணியிருப்பாள். "சரி சேர்" என்றாள்.

நான் கெட்டவன் என்று எழுதினால் அதிலும் ஓர் அழகு வந்துவிடும். பயந்தவன். அவ்வளவுதான்.

10

இன்று சனிக்கிழமை. காலை எட்டு மணி தாண்டிவிட்டது. ரஜனி நேற்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. ஷிம்னாவுக்கு அழைக்கிறேன். அவள் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்புகிறாள். திங்கட்கிழமை நான் கொப்பியோடு, துஷ்யந்தியின் பெயரை மறைத்து, விசாரணைக்குப் போகிறேன். வேலை போகிறது. கடைசி வரியில் நான் கடற்கரையில் நிற்கிறேன், கோச்சி போகிறது. இதை மூன்று பக்கம் எழுதினேன். எழுத எழுத சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் கிழித்தேன்.

முடிவு இரண்டு. எட்டு நிமிடம் நடந்து போய், புடவைக் கடைக்குப் பக்கத்துப் படியால் ஏறிக் கதவைத் தட்டுகிறேன். பூபாலசிங்கம் திறக்கிறான். "வா மச்சான், என்ன காலங்காத்தால? இரு, டீ சொல்றன்." நான் இருக்கிறேன். டீ வருகிறது. அதற்கு மேல் இந்த முடிவை எழுத முடியவில்லை. எனக்கு அவனிடம் பேசத் தெரிந்ததெல்லாம் சிநேகிதம்தான்.

முடிவு மூன்று. ஒன்றும் நடக்கவில்லை. ஷிம்னா சான்றிதழ் வாங்குகிறாள், பெலோஷிப் கிடைக்கிறது, அடுத்த வருடம் பனியில் நின்று படம் போடுகிறாள், நான் அதற்கு லைக் போடுகிறேன். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லையா, நடந்ததை அவள் சொல்லவில்லையா என்பது எனக்குத் தெரியாது. இந்த முடிவை நான் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஒன்பது வருடமாக இருபத்திரண்டு தரம் எழுதியிருக்கிறேன்.

இப்போது எட்டு நாற்பது. கிராண்ட்பாஸிலிருந்து அவள் பஸ் ஏறியிருப்பாள். அலுவலகம் ஒன்பது மணிக்கு. ஷிம்னாவின் இலக்கம் என் போனில் இருக்கிறது. போன் இந்தத் தாளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, கை நீட்டினால் எட்டும்.

உங்களோடு ஓர் உடன்பாடு செய்கிறேன். இந்தப் பந்தி முடிந்ததும் பேனையை வைப்பேன். இதற்குக் கீழே வேறு இலக்கம் இல்லையென்றால், நான் போனை எடுத்துவிட்டேன், அவளைத் தடுத்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கதை பாதியில் நிற்கும், நல்ல கதையாக இராது. இருக்காமல் போகட்டும். பதினொன்று என்று ஒரு பகுதி இருந்தால், நான் யாரென்று உங்களுக்கு விளங்கும்.

11

அவளிடம் என்ன சொல்வது என்று முதலில் ஒருக்கால் எழுதிப் பார்த்தால் நல்லது என்று பட்டது. "ஷிம்னா, நான் சேர் கதைக்கிறன்" என்று தொடங்கலாம். அது பயமுறுத்துமோ தெரியாது. "பஸ்ஸிலயா இருக்கிறீர்?" என்று சாதாரணமாகத் தொடங்குவது நல்லம். அல்லது —

மணி ஒன்பது பத்து.